போங்காவின் பொருளும் தோற்றமும்

புனே பக்கம் ஆகுர்டியில் இருக்கும் அந்தக் கம்பெனியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால், அந்தப் பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது, அதன் வேர் என்ன என்று ஒரு குழு போட்டு, என்னையும் பிடித்து உட்கார வைத்து ஆறு மாதம் டீ கொடுப்பார்கள். சவரிமுத்து குடித்த டீயே போதும்.

சவரிமுத்துவுக்கு அங்கே இருபத்தாறு வருஷ சர்வீஸ். அப்பா காலத்திலேயே திண்டுக்கல் பக்கமிருந்து புனேவுக்கு வந்துவிட்ட குடும்பம். கம்பெனியின் சரக்கு முற்றத்தில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு பதிவேடு, சிவப்பாக ஒரு பொத்தான். இவ்வளவுதான் அவருடைய சாம்ராஜ்யம். இரும்பு வார்ப்புகளைத் தூக்கிக்கொண்டு கிரேன் நகருவதற்கு முன்னால் அந்தப் பொத்தானைப் பத்து விநாடி அழுத்த வேண்டும். கூரை மேல் இருக்கிற குழாய் அலறும். கீழே நிற்பவர்கள் விலகிக்கொள்வார்கள். அவர் கொடி காட்டுவார், கிரேன் நகரும். கூரை மேல் அலறுகிற அந்தச் சாமானுக்கு அந்த வட்டாரம் முழுக்க ஒரே பெயர்தான்: போங்கா. மராத்திக்காரர், பீகார்க்காரர், தமிழர், யாரைக் கேட்டாலும் போங்காதான். இருபத்தாறு வருஷத்தில் அதற்கு அர்த்தம் கேட்டு யாரும் வந்ததில்லை. அலறினால் ஓடு என்று அர்த்தம். அது குழந்தைக்கும் தெரியும்.

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. சவரிமுத்து குடியிருந்தது கம்பெனி மதிலை ஒட்டிய ஹவுசிங் சொசைட்டியில், மூன்றாவது மாடி. போங்கா அடித்தால் அவர் வீட்டு அடுக்களையில் எவர்சில்வர் தட்டெல்லாம் கிடுகிடுக்கும். அன்று காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்தபடி மனைவி மேரி சொன்னாள்: "பதினோரு மணிக்குக் காவ்யாவுக்கு ஆன்லைன் இன்டர்வியூ. கடைசி ரவுண்டு. போன தடவ நடுவுல ஒங்க போங்கா கத்தி, என்னம்மா அங்க ஏதும் சண்டையான்னு அந்த ஆளு கேட்டானாம். புள்ள வெலவெலத்துப் போச்சு. இன்னிக்கு ஒரு முக்கா மணி நேரம் அத வாயப் பொத்தி வைங்க."

"அது என்ன நான் வளக்குற கோழியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். ஆனால் பதினொன்று இருபதுக்குக் கிரேன் வார்ப்பைத் தூக்கியபோது அவர் கண் மதிலுக்கு அப்பால் மூன்றாவது மாடி ஜன்னலுக்குப் போனது. முற்றத்தைப் பார்த்தார். ஆள் யாரும் இல்லை. ஒரே ஒரு தடவைதானே என்று பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கொடியை ஆட்டினார்.

ஆள் இருந்தது. முற்றத்துத் தொழிலாளி அமல்ராஜ், வார்ப்புக் குவியலுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். சத்தம் ஏதும் வராததால் நிதானமாக எழுந்து, பின்பக்கமாக இரண்டு எட்டு வைத்தார். நகர்ந்து வந்த வார்ப்பில் இடது கால் மாட்டியது. மூன்று விரல்கள் போயின. கணுக்காலில் தகடு வைத்தார்கள்.

காவ்யாவுக்கு வேலை கிடைத்தது. ஹிஞ்சவடியில், பெரிய ஐ.டி. கம்பெனி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அப்பாவின் வாயில் அவள் பேடா ஊட்டினாள். அதை விழுங்குவதற்குள் சவரிமுத்துவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். கிரேன் எத்தனை மணிக்கு நகரும் என்ற பட்டியல் காலையிலேயே வந்துவிடும். அதைப் பார்த்து அந்த நாள் முழுதுக்குமான பதிவை எட்டு மணிக்கே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவது அங்கே எல்லா ஷிப்டிலும் நடப்பது. ஆகவே, '11.20 - போங்கா' என்று பதிவேட்டில் சவரிமுத்துவின் கையெழுத்தோடு அழகாக இருந்தது. முற்றத்தில் வேலை செய்தவர்களைக் கேட்டபோது, "அடிச்சிருக்கும், தினம் நாப்பது தடவ அடிக்குதே" என்றார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

மறுநாள் காலையில் சவரிமுத்து நேராகப் பாதுகாப்பு அதிகாரி ஸ்ரீவத்சனின் அறைக்குப் போனார். வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனார்.

"சார், நேத்து நான் அடிக்கல."

"எதை?"

"போங்கா. பொத்தான அமுத்தல சார். தெரிஞ்சேதான் அமுத்தல."

எழுதிக்கொண்டு வந்த ஸ்ரீவத்சனின் பேனா ஒரு சொல்லில் நின்றது. "போங்கான்னா என்ன?"

சவரிமுத்து ஜன்னல் வழியாகக் கூரையைக் காட்டினார்.

"அது நேக்கும் தெரியும். ரூல் புக்ல அது ஹூட்டர். பர்ச்சேஸ் ஃபைல்ல சைரன். உங்க பதிவேட்டுல மட்டும்தான் போங்கா. இப்ப நீங்க அடிக்கலேங்கறது ஹூட்டரையா, சைரனையா, போங்காவையா? ஹூட்டர் அடிக்கணும்னுதான் ரூல் இருக்கு. போங்கா அடிக்கணும்னு எங்கயும் இல்லையே."

"மூணும் ஒண்ணுதான் சார். கூரை மேல ஒண்ணுதான இருக்கு."

"அதை நீங்க முடிவு பண்ணப்படாது," என்றார் ஸ்ரீவத்சன், ரொம்பப் பரிவாக. "நீங்க டென்ஷன்ல இருக்கேள். போய் டூட்டியைப் பாருங்கோ. மேல எழுதறேன்."

மேலே எழுதினார். பத்தே நாளில் 'ஒலிச்சாதனச் சொற்பொருள் மற்றும் சொற்பிறப்பு நிர்ணயக் குழு' பிறந்தது. தலைவர், பொது மேலாளர் சந்திரமௌலி. சென்னைக்காரர். எந்தக் கூட்டத்திலும் கடைசியாகப் பேசி, முதலில் பேசியவர் சொன்னதையே சொல்கிறவர். ஸ்ரீவத்சன் செயலாளர். மொழி வல்லுநராகக் கோந்த்வாவிலிருந்து டாக்டர் சந்திரிகா என்று ஒரு அம்மாள் காரில் வந்தார். தொடக்கக் கூட்டத்துக்குத் தொழிலாளர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சந்திரமௌலி விளக்கேற்றிவிட்டுப் பேசினார்.

"மத்த கம்பெனியில விபத்து நடந்தா உடனே யாரு தப்பு பண்ணாங்கன்னு தேடுவாங்க. அது ரொம்ப சின்னத்தனம். நாம ஆளைத் தேட மாட்டோம். நாம அர்த்தத்தைத் தேடுவோம். ஒரு வார்த்தை எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியாம அதை நம்பி கிரேன் ஓட்டியிருக்கோம். நெனச்சா எனக்கே நடுங்குது. அமல்ராஜோட கால் வீண் போகாது. அந்தக் கால்தான் நம்ம கண்ணைத் திறந்தது." கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது.

சவரிமுத்து எழுத்தில் கொடுத்தால் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைத்து, 'நான் போங்கா அடிக்கவில்லை' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நாலாம் நாள் அது திரும்பி வந்தது. 'சர்ச்சைக்குரிய சொல்லை நீக்கி, அங்கீகரிக்கப்பட்ட சொல்லைப் பயன்படுத்தவும். அங்கீகரிக்கப்பட்ட சொல் பரிசீலனையில் உள்ளது' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. சொல்லை எடுத்துவிட்டு, 'நான் அடிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். உங்கள் மீது அடிதடிப் புகார் எதுவும் இல்லை, கவலைப்பட வேண்டாம் என்று பதில் வந்தது.

குழு வாரம் ஒருமுறை கூடியது. முதலில் ஹூட்டரை எடுத்தார்கள். ஆங்கிலத்தில் அது ஆந்தை அலறுவதிலிருந்து வந்த சொல் என்று டாக்டர் சந்திரிகா சொன்னதும் சந்திரமௌலிக்கு முகம் சுருங்கியது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை நம் கூரையில் ஆந்தையா என்று கேட்டு, அந்தச் சொல்லை நிறுத்தி வைத்தார். அடுத்தது சைரன். கிரேக்கக் கதையில் கடலோரம் உட்கார்ந்து பாடி மாலுமிகளைக் கிட்டே இழுத்துக் கொல்கிற பெண்களின் பெயர் அது என்று அந்த அம்மாள் விளக்கினார். ஸ்ரீவத்சன் துள்ளி எழுந்தார். "சார், சைரன்னா கிட்ட வான்னு அர்த்தம். நம்ம ரூல்ல விலகிப் போன்னு இருக்கு. அப்ப இத்தனை வருஷமா நாம தப்பான சாமானை வாங்கி வெச்சிருக்கோம்." கொள்முதல் பிரிவுக்கு விளக்கம் கேட்டு ஓலை போனது. கிரேக்கக் கதை எங்கள் பிரிவுக்கு வராது என்று கொள்முதல் பிரிவு பதில் எழுதியது. அந்தக் கடிதப் போக்குவரத்தில் ஏப்ரல் முழுதும் கழிந்தது.

மே மாதம் சவரிமுத்துவைக் கூப்பிட்டார்கள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று குளித்து, சர்ச்சுக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். டாக்டர் சந்திரிகா அவரைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார்.

"நீங்க இந்தச் சொல்லை எத்தனை வருஷமா புழங்கறீங்க?"

"இருபத்தாறு வருஷங்கம்மா. ஆனா அன்னிக்கு மட்டும் நான்..."

"உங்க அப்பா இதை என்னன்னு சொல்வார்?"

"அவரு சங்குன்னுவாரு. ஊர்ல மில்லுல அப்படித்தான் சொல்லுவாங்களாம். அம்மா, நான் சொல்ல வந்தது வந்து, பதினொண்ணு இருபதுக்கு நான் அத..."

"சங்கு," என்று அந்த அம்மாள் சொல்லி, கண்ணை மூடித் திறந்தார். "மங்கலத்துக்கும் சங்கு, சாவுக்கும் சங்கு. எவ்வளவு ஆழம் பாருங்க சார்."

"ஆழம்தான்," என்றார் சந்திரமௌலி. "சவரிமுத்து, டீ சாப்பிடுங்க."

அன்று மூன்று டீ குடித்தார். வெளியே வரும்போது அவர் பெயரைத் 'தகவலாளி' என்று குழுவின் குறிப்பில் ஏற்றியிருந்தார்கள். குற்றவாளி என்று ஏற்றச் சொல்லி அவர் கேட்டுக்கொண்டதற்கு அந்தப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லையாம்.

ஜூனில் களப்பணி. போங்கா என்று கேட்டதும் உங்கள் மனதில் முதலில் தோன்றுவது என்ன என்று அச்சடித்து, தொழிலாளர்களிடம் கொடுத்தார்கள். சிஞ்ச்வட் ஸ்டேஷன் வாசலில் வடா பாவ் விற்கிறவரையும் விடவில்லை. முக்கால்வாசிப் பேர் 'சாப்பாடு' என்று எழுதியிருந்தார்கள். மத்தியான இடைவேளைக்கும் அதே போங்காதானே அடிக்கிறது. இதைப் பார்த்துவிட்டு ஸ்ரீவத்சன், போங்கா அடித்ததும் அமல்ராஜ் சாப்பிடக் கிளம்பியிருக்கலாம் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். காலை பதினொன்று இருபதுக்கா என்று யாரும் கேட்கவில்லை. பிறகு, சொல் ஒலியிலிருந்து பிறந்ததா என்று சோதிக்க, மூன்று அதிகாரிகள் தலையில் ஹெல்மெட்டோடு முற்றத்தின் மூன்று மூலைகளில் நின்றுகொண்டு, "போங்...கா" என்று மாறி மாறிக் கத்தினார்கள். கண்ணாடி அறையிலிருந்து சவரிமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். அமல்ராஜ் விழுந்த இடத்தில் நின்றுதான் சந்திரமௌலி கத்தினார். அவர் குரல் எடுபடவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். குழுவின் முடிவு தள்ளிப்போன ஒவ்வொரு வாரமும் சவரிமுத்துவுக்கு ஒரு ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது. அதுதான் அவரைத் தின்றது. அமல்ராஜ் வீட்டுக்கு ஞாயிறு தவறாமல் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போவார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியேறுவார். அமல்ராஜின் மனைவி ரீனா, "நீங்க ஒருத்தர்தான் அண்ணே வாராவாரம் வர்றீங்க" என்று காப்பியை நீட்டுவாள். அவ்வளவுதான், அதை வாங்கிக் குடித்துவிடுவார். கம்பெனி விசாரித்து முறைப்படி சொல்லட்டும், நாமாக எதற்கு என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு இறங்கி வருவார். சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னார். 'அருள்நிறை மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார் சாமியார். மூன்றுதானா என்று சவரிமுத்துவுக்கே சப்பென்று போய்விட்டது. வீட்டில், "புள்ளகிட்ட மட்டும் மூச்சு விட்றாதீங்க, அவ அந்த வேலைக்குப் போக மாட்டா" என்று மேரி சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஆகஸ்டில் அறிக்கை தயாராகிவிட்டது. நூற்று நாற்பது பக்கம். வெளியீட்டு விழாவுக்குப் பந்தல் போட்டு, வாசலில் ரங்கோலி போட்டு, ஃபர்ஸாண் என்று அங்கே சொல்கிற மிக்சர் ஆளுக்கொரு பொட்டலமும் கொடுத்தார்கள். சந்திரமௌலி முடிவுரையைத் தாமே வாசித்தார்.

"போங்கா என்பது வாய் பிளந்து நிற்கும் குழாயைக் குறித்ததா என்பதில் அறிஞர்கள் மாறுபடலாம். நமது குழு கண்டது இதுதான். போங்கா என்பது கருவியின் பெயரே அல்ல. 'போ' என்று எழும் ஒலிதான் போங்கா. ஒலி வேறு, சொல் வேறு அல்ல. அந்தச் சொல் பதிவேட்டில் பதினொன்று இருபதுக்குப் பதிவாகியிருக்கிறது. எனவே பதினொன்று இருபதுக்குப் போங்கா ஒலித்தது." தாளைத் திருப்பினார். "இது ஒரு பெரிய நிம்மதி. நம்ம சிஸ்டத்துல குறை இல்ல. ஒலிச்சது அமல்ராஜுக்குக் கேக்கல. குறை காதுல இருக்கு. அதுக்காக நாம அவரைக் கை விட்டுடுவோமா? காது கேக்காதவரை கிரேன் பக்கத்துல விடறது பாவம். அதனால அவரைத் தோட்ட வேலைக்கு மாத்தறோம். கம்பெனி செலவுல ஒரு காதுக் கருவியும் குடுக்கறோம்."

கம்பெனி டாக்டர் அறிக்கையைப் படித்துவிட்டு, காதைப் பார்க்காமலேயே சான்றிதழ் எழுதியிருந்தார். ஊன்றுகோலோடு அமல்ராஜ் மேடையேறினார். சந்திரமௌலி தம் கையாலேயே கருவியை அவர் காதில் மாட்டிவிட்டு, "இப்ப கேக்குதா?" என்று கத்தினார். அமல்ராஜ் மிரண்டுபோய்த் தலையாட்டினார்.

அடுத்து, சொல்லை இருபத்தாறு வருஷம் காத்தவர் என்று சவரிமுத்துவுக்குப் பொன்னாடை. மைக்கைக் கொடுத்தார்கள். "நான் அன்னிக்கு அடிக்கல," என்றார் சவரிமுத்து. "போங்கா அடிக்கவே இல்ல. நாந்தான் அடிக்கல."

சந்திரமௌலி மைக்கை மென்மையாக வாங்கிக்கொண்டார். "பாருங்க. நான் எதையும் செய்யலன்னு சொல்றார். இந்த அடக்கம் இந்தத் தலைமுறையோட போச்சு."

கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அமல்ராஜும் மைக் சத்தத்தில் காதுக் கருவி கீச்சிட்டதில் என்னவென்று புரியாமல், மற்றவர்களைப் பார்த்துக் கைதட்டினார். அதற்கு மேல் சவரிமுத்துவால் அங்கே நிற்க முடியவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் பொன்னாடையை லாக்கரில் திணித்துவிட்டு அமல்ராஜ் வீட்டுக்கு நடந்தார். இரண்டாவது மாடி. கையில் சாத்துக்குடி இல்லை. ரீனா கதவைத் திறந்துவிட்டு, உள்ளே திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "சவரிமுத்து அண்ணே வந்திருக்காரு" என்று கத்தினாள். பிறகு இவர் பக்கம் திரும்பித் தணிந்த குரலில், "இப்படித்தான் பேசணுமாம் அண்ணே. தொண்டையே போச்சு" என்றாள்.

அமல்ராஜ் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காதில் கருவி.

"வாங்கண்ணே. எனக்கு என்ன பயம்னா, லோக்கல் டிரெயின் போற சத்தம் எனக்குக் கேக்குது. ஆனா நெசமா கேக்குதா, பழக்கத்துல கேக்குற மாதிரி நெனச்சுக்கிறேனான்னு புரியல. அன்னிக்கும் அப்படித்தான. போங்கா அடிச்சிருக்கு, எனக்குக் கேக்கல. ரோட்ட கிராஸ் பண்ணவே கை காலு ஒதறுது. கால் போனதுகூடப் பரவால்லண்ணே. காதும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"அமலு, போங்கா அடிக்கல," என்றார் சவரிமுத்து.

"என்னண்ணே?"

"அன்னிக்கு அது அடிக்கவே இல்ல. நாந்தான் அமுத்தல. வேணும்னே அமுத்தல. ஒனக்குக் காதுல ஒண்ணும் இல்லப்பா."

சட்டையைப் பிடிப்பார், ஊன்றுகோலை வீசுவார், குறைந்தது ஒரு கெட்ட வார்த்தையாவது வரும் என்று சவரிமுத்து காத்திருந்தார். ஆறு மாதமாக அதற்குத்தானே அலைந்தார். அமல்ராஜ் மெதுவாகக் காதிலிருந்து கருவியைக் கழற்றினார்.

"அப்ப எனக்குக் காது நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு."

"இன்னொரு தடவ சொல்லுங்க. கொஞ்சம் மெதுவா."

"நான் போங்கா அடிக்கல," என்றார் சவரிமுத்து, குரலைத் தாழ்த்தி.

"கேக்குதுண்ணே. ரீனா, கேக்குது. அண்ணே, அந்தக் கதவுகிட்டப் போய் நின்னு சொல்லுங்க. இன்னும் மெதுவா."

சவரிமுத்து கதவருகே போய் நின்று, "நான் போங்கா அடிக்கல" என்றார். அமல்ராஜ் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ரீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "வெளிய போங்கண்ணே. படில எறங்கிச் சொல்லுங்க. ஒரு கை பாத்துரலாம்."

சவரிமுத்து படியிறங்கினார். நாலு படி இறங்கிச் சொன்னார். கேட்டது. திருப்பத்தில் நின்று சொன்னார். அதுவும் கேட்டது. பக்கத்து வீட்டுக் கதவு ஒன்று திறந்தது, ஒரு மராத்திப் பெண்மணி எட்டிப் பார்த்தாள். சவரிமுத்து அவளுக்கும் சேர்த்துத்தான் சொன்னார். "இன்னும் எறங்குங்க, இன்னும் மெதுவா" என்று மேலேயிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. ஏன் அடிக்கவில்லை என்று மட்டும் கேட்கவில்லை.

முதல் மாடிக்கு வந்து நின்றார். கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லைதான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதடு மட்டும் அசைகிற மாதிரி சொன்னார்:

"காவ்யாவுக்கு அன்னிக்கு இன்டர்வியூ. வீட்டுக்குச் சத்தம் போவக் கூடாதுன்னுதான் அடிக்கல."

கேட்டிருக்காது என்று நினைத்தார் சவரிமுத்து. அந்த நினைப்பில் ஒரு கணம் நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அதுவும் கேட்டுச்சுண்ணே," என்றார் அமல்ராஜ்.